28 டிகிரிக்கு எதுக்கு நெருப்பு? நீச்சல் குளமும் சாயப்பட்டறையும்

சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கு, மூலனூர் பக்கம் தோட்டத்துல கிடக்குற கருப்பு ஓஸைத் திறந்து பாருங்க. முதல்ல வர்ற தண்ணியில கை வைக்க முடியாது. இன்னைக்கு எபிசோட் அந்தச் சூட்டோட வரலாறு. அது அமெரிக்கா போய், நீச்சல் குளத்துல இறங்கி, கடைசியில நம்ம திருப்பூர் சாயப்பட்டறைக்கு வந்து நிக்கும்.

19-ஆம் நூற்றாண்டுலயே அமெரிக்கப் பண்ணைகள்ல தொட்டிக்குக் கருப்பு பெயின்ட் அடிச்சு வெயில்ல வெச்சுத் தண்ணி சூடாக்கினாங்க. சாயங்காலம் ஆனா ஆறிப்போயிடும். 1891-ல் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப், அந்தத் தொட்டியைக் கண்ணாடி மூடின பெட்டிக்குள்ள வெச்சுக் காப்புரிமை வாங்கினார். பேரு 'கிளைமாக்ஸ்'. கலிபோர்னியாவுல நல்லா வித்துது. ஆனா ராத்திரி சூடு நிக்கலை. 1909-ல் வில்லியம் பெய்லி அதைச் சரி பண்ணினார். வெயில் வாங்குற குழாய் தனி, சூட்டைக் காக்குற தொட்டி தனி. சூடான தண்ணி தானா மேல ஏறும், மோட்டாரே வேண்டாம். இன்னைக்கு நம்ம மொட்டை மாடியில இருக்குற சோலார் ஹீட்டர் அடிப்படையில இதேதான்.

அப்புறம் என்ன ஆச்சு? 1920-கள்ல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இயற்கை எரிவாயு மலிவா கிடைச்சுது. பெய்லி கம்பெனியே கேஸ் ஹீட்டருக்கு மாறிடுச்சு. வியாபாரம் ஃபுளோரிடாவுல தொடர்ந்துச்சு. 1941 வாக்கில் மயாமி மக்கள்ல பாதிக்கு மேல சோலார் சுடுதண்ணிதான். உலகப்போர்ல செம்புக்குக் கட்டுப்பாடு வந்தது, போருக்குப் பிறகு கரண்ட் மலிவாச்சு. அங்கயும் படுத்துடுச்சு. கவனிங்க, ரெண்டு தடவையும் கருவி கெட்டுப்போகலை. பக்கத்துல மலிவான எரிபொருள் வந்துச்சு, அவ்வளவுதான்.

இனி குளத்துக்கு வருவோம். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம்னா 25 லட்சம் லிட்டர். அதை ஒரே ஒரு டிகிரி ஏத்த சுமார் 2,900 யூனிட் சூடு வேணும். குளிர் நாட்டுல பொதுக் குளம் நடத்துற நகராட்சிக்கு இது பெரிய செலவு. ஆனா குளத்துக்கு வேண்டியது வெறும் 28 டிகிரி. கொதிக்கிற டீ வேகமா ஆறும், வெதுவெதுப்பான டீ மெதுவாத்தான் ஆறும். அதே மாதிரி, 28 டிகிரித் தண்ணி வெளிக்காத்துக்கு இழக்குற சூடு கம்மி. அதனால கண்ணாடி வேண்டாம், செம்பு வேண்டாம், தனித் தொட்டியும் வேண்டாம். குளமே தொட்டி. ஏற்கெனவே ஓடுற ஃபில்டர் பம்ப் தண்ணியைக் கூரையில இருக்குற கருப்பு பிளாஸ்டிக் குழாய்களுக்குள்ள சுத்த விட்டாப் போதும். கலிபோர்னியாவுல ஃப்ரீமன் ஃபோர்டு 1969-ல் தொடங்கின ஃபாஃப்கோ இதைத்தான் வித்துது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு தேவை கூடிச்சு. ஜெர்மனியில திறந்தவெளிப் பொதுக் குளங்கள் பலதுலயும் இது வந்துச்சு. பரப்பளவு, குளத்தோட பரப்புல பாதி முதல் முழு அளவு வரை வேணும். ராத்திரி குளத்தை மூடியும் வைக்கணும், ஏன்னா சூடு பெரும்பாலும் ஆவியாத்தான் போகுது.

மூலனூர்ல குளத்தைச் சூடாக்க வேண்டியதில்லைங்க. ஆனா நம்ம மாவட்டத்துல தினமும் தண்ணி சூடாகுது, சாயப்பட்டறையில. பருத்திக்குப் போடுற ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில பிடிக்கும். அதுக்கு நூறு டிகிரிக்கு மேல நீராவி போடுறோம், அந்த பாய்லர் பல இடத்துல விறகுல எரியுது.

ஒரு கணக்கு. 1 லட்சம் லிட்டரை 30-லிருந்து 60 டிகிரிக்கு ஏத்த சுமார் 3,500 யூனிட் சூடு வேணும். விறகுல பார்த்தா ஒரு டன்னுக்கு மேல. சோலார்ல செய்யணும்னா, நம்ம வெயிலுக்கு சுமார் 1,200 சதுர மீட்டர் கூரை வேணும். சின்ன இடம் இல்லை. 60 டிகிரிக்கு வெறும் கருப்புக் குழாய் பத்தாது, கண்ணாடி மூடினதோ வெற்றிடக் குழாயோ வேணும். நைட் ஷிஃப்டுக்குத் தொட்டி வேணும். உப்புத் தண்ணின்னா குழாய்க்குள்ள சுண்ணாம்பு படியும். மழைக்காலத்துக்கு பாய்லரும் நிக்கணும். ஆக, பாய்லரை முழுசா தூக்க முடியாது. பாய்லருக்குப் போற தண்ணியை முன்கூட்டியே சூடாக்கி விறகைக் குறைக்கலாம்.

2011 ஜனவரியில உயர் நீதிமன்ற உத்தரவால சாயப்பட்டறைகள் மூடினப்போ, நொய்யல்ல போற கழிவுநீரைப் பத்திப் பேசினோம். அந்தத் தண்ணியைச் சுத்திகரிச்சுத் திரும்ப எடுக்குற ஆவியாக்கிக்கும் சூடு வேணும். சூடு எங்கிருந்து வருதுன்னு அந்த அளவுக்கு நாம பேசலை.

குளத்துக்காரங்க முதல்ல கேட்ட கேள்வி, 'எத்தனை டிகிரி வேணும்?' அதுக்குப் பிறகுதான் கருவியைத் தேடினாங்க. நம்ம பட்டறையிலயும் ஒவ்வொரு குழாய்க்கும் அந்த எண்ணை எழுதிட்டு ஆரம்பிக்கலாம். விறகு விலை ஏறுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்க பட்டறையில தண்ணி எத்தனை டிகிரியில ஓடுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.