கான்சாகிபும் திருவில்லிப்புத்தூரும்

முகமது யூசுபு கான் என்னும் கான்சாகிபை ஒரு சாரார் துரோகி என்பர். மற்றொரு சாரார் விடுதலை வீரர் என்பர். இரு முடிபுகளும் அவர்தம் வாழ்வின் இறுதி ஈராண்டுகளைக் கொண்டே எழுந்தவை. மதுரைக் கோட்டையை விடுத்துத் திருவில்லிப்புத்தூரில் நின்று நோக்கின் வேறொரு கான்சாகிபு புலப்படுவார். அவரையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1736இல் நாயக்கர் ஆட்சி வீழ்ந்தபின் மதுரைச் சீமைக்கு உரியவர் யார் என்பது தெளிவாக இல்லை. ஆர்க்காட்டு நவாபு முகமதலி உரிமை கொண்டாடினார்; அவர் பெயரால் கம்பெனி படை அனுப்பிற்று; பாளையக்காரர் பலர் வரி தர மறுத்தனர். 1754இல் கம்பெனியின் சிப்பாய்ப் படைகள் அனைத்திற்கும் தலைவரான கான்சாகிபு, 1756 ஏப்பிரலில் மதுரையை அடைந்து, பின்னர்த் திருவில்லிப்புத்தூருக்குச் சென்றார். நவாபின் தமையன் மாபூசுகான் படையுடன் ஆங்கு அவர் கூடினார்.

அவ்வூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் நிலத்திலேயே உளது. மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரம் பற்றித் தெற்கே செல்லும் வழி இன்றைய இராசபாளையத்தைக் கடந்து, சேற்றூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் எனப் பாளையங்களை ஒவ்வொன்றாகத் தொடும். அப்பால் பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவல். ஆகவே திருவில்லிப்புத்தூரைக் கைக்கொண்டவர் மேற்குப் பாளையங்களின் வாயிலைக் கைக்கொண்டவர் ஆவர். ஆண்டாள் திருக்கோயிலால் மட்டுமே இவ்வூரை அறிந்தோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வழியே கான்சாகிபு பெற்ற வெற்றி எளிதன்று. 1759 இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1761 மே மாதத்திலேயே அதுவும் நெற்கட்டுஞ்செவலும் வீழ்ந்தன. பூலித்தேவரை வீழ்த்திய கை இவருடையதே. பிற்காலத்து எதிர்ப்பைப் போற்றுவோர் இதனை மறைத்தல் முறையன்று.

அவர் மாறியது ஏன்? சென்னை முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையை அலைக்கழித்து ஆங்கிலேயரைக் காத்த அவர்க்கு, 1759இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகையில் மதுரையும் திருநெல்வேலியும் அளிக்கப்பட்டன. தம்மைக் கம்பெனியின் ஊழியராகவே அவர் கருதினார். நவாபோ அவரைத் தமக்குக் கீழ்ப்பட்டவர் என்றார். கம்பெனி இறுதியில் நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763இல் பாரிசு உடன்படிக்கை முகமதலியைக் கருநாடகத்தின் நவாபாக ஏற்றது. கான்சாகிபு பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எனவே அவரது போரை நாட்டு விடுதலைப் போர் என்பதினும், தலைவர் யார் என்பது பற்றிய வழக்கு என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து. சோவியத்து ஒன்றியம் சிதைந்த 1991இல் ஜார்ஜியத் தேசியக் காவற்படைத் தலைவர் கித்தோவானி, தம் குடியரசுத் தலைவர் கம்சகூர்தியாவையே எதிர்த்தெழுந்ததும் இத்தகைய மயக்கம் நிறைந்த காலத்திலேயாம். அவர் பாதுகாப்பு அமைச்சரானார். கான்சாகிபுக்கு அந்நல்வினை வாய்க்கவில்லை.

நெடிய முற்றுகைக்குப்பின், 1764 அக்டோபரில் தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடல் அவரை இரக்கத்தோடு நினைவுகூரும்.

திருவில்லிப்புத்தூரில் அவரோடு நின்ற மாபூசுகான் அவர்க்கு முன்னரே நவாபை எதிர்த்துப் பூலித்தேவரிடம் அடைக்கலம் புகுந்தவர். 1760இல் அவர் நவாபிடம் மீண்டார். தமையன் என்பதனால் தலை தப்பிற்று.