கங்கபல் ஏரி: ஹர்முக் சிகரத்தின் அடியில் ஆழ்ந்த நீர், குறுகிய பருவம்

ஜம்மு-காஷ்மீரின் காந்தர்பல் மாவட்டத்தில், 5,142 மீட்டர் உயரமுள்ள ஹர்முக் சிகரத்தின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கங்கபல் ஏரி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,570 மீட்டர் உயரத்தில் உள்ள இது, ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்டது.

பழங்காலப் பனிப்பாறை மலைச்சரிவைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தில் நீர் தேங்கி உருவான ஏரி இது. பனிப்பாறை உருகும் நீரும் மழையும் ஓடைகளுமே இதற்கு ஆதாரம். உபரி நீர் அருகிலுள்ள நந்த்கோல் ஏரி வழியாக வாங்கத் ஓடையில் இறங்கி சிந்த் ஆற்றைச் சேர்கிறது. பெயர் ஒத்திருந்தாலும் இது சிந்து நதி அன்று. ஜீலத்தின் துணை ஆறு.

காஷ்மீர் பண்டிதர்களுக்கு இது புனிதத் தலம். இறந்தோரின் அஸ்தியை இங்கு கரைப்பது அவர்களின் தொன்மையான வழக்கம். நெடுங்காலம் தடைபட்டிருந்த ஹர்முக்-கங்கபல் யாத்திரை 2009-இல் மீண்டும் தொடங்கியது.

மலையேற்றப் பயணிகள் பெரும்பாலும் நாராநாக் கிராமத்திலிருந்து புறப்படுகின்றனர். அங்குள்ள பழைமையான கற்கோயில்களைக் கடந்ததும் ஊசியிலைக் காடு. செங்குத்தான ஏற்றமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் மேய்ச்சல் நிலங்களும், கோடையில் அங்கு தங்கும் குஜ்ஜர், பக்கர்வால் ஆட்டிடையர்களின் குடில்களும் தென்படும். ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தை ஒரே நாளில் ஏற முயல்வது விவேகமன்று. தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் தோன்றினால் மேலே செல்லாமல் கீழே இறங்குவதே முறையான தீர்வு. சோனாமார்க்கில் தொடங்கும் 'காஷ்மீர் பேரேரிகள்' நடைப்பயணமும் விஷன்சர், கட்சர், சத்சர் ஏரிகளைக் கடந்து இங்கு வந்து, நாராநாக்கில் நிறைவடைகிறது.

தூண்டில் மீன்பிடிப்போரையும் இந்த ஏரி ஈர்க்கிறது. 1900-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீருக்குக் கொண்டுவரப்பட்ட டிரவுட் மீன்கள் இக்குளிர்நீரில் நன்கு பெருகியுள்ளன. மீன்பிடிக்க மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு அவசியம்.

குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களே பயணத்துக்கு உகந்தவை. கூட்டமும் அப்போதுதான் குவிகிறது. கடுங்குளிரில் கழிவுகள் மட்குவதற்கு நீண்ட காலம் ஆகும். கரையில் விடப்படும் பிளாஸ்டிக்கோ மட்குவதே இல்லை. இமயமலையின் பிற பகுதிகளைப் போலவே ஹர்முக் பனிப்பாறைகளும் சுருங்கி வருகின்றன. ஏரியின் நீர்வரத்து மட்டுமன்றி, சிந்த் பள்ளத்தாக்கின் நெல் வயல்களுக்குச் செல்லும் கோடைக்கால நீரும் இத்தகைய பனியையே நம்பியுள்ளது.