கருமணலும் அருமண்ணும்

ஈழத்து மண் நெல்லையும் பனையையும் மாத்திரம் தருவதன்று. விஞ்ஞான உலகம் விரும்பித் தேடும் அரிய கனியங்களையும் அது தன்னகத்தே கொண்டுள்ளது. அவற்றை முறையாக ஆராய்ந்தோருள் முன்னோடி கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947) ஆவர். மானிப்பாய்ப் பொன்னம்பல முதலியாரின் மைந்தரான இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். கலை வரலாற்றறிஞராகப் போற்றப்படும் இவர், முதலிற் புவிச்சரிதவியலாளராகவே இலங்கைக்குப் பணிபுரிந்தார். 1904ஆம் ஆண்டிற் சப்பிரகமுவாப் பகுதியிற் கனமான கருநிறக் கனியமொன்றை இவர் கண்டெடுத்தார். அதனை ஆராய்ந்த டன்ஸ்ரன் என்பார், புதுக் கனியமெனத் துணிந்து தோரியனைற்று எனப் பெயரிட்டார். தோரியம் மிகுந்த அக்கனியத்தில் அருமண் ஒட்சைட்டுக்களும் சிறிதளவு உள.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையிற் கிடக்கும் கருமணலோ பெருஞ்செல்வம். இல்மனைற்றும் உரூற்றைலும் செறிந்த அம்மணலை அகழ்தற்பொருட்டு 1957ஆம் ஆண்டிற் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பெற்றது. இவ்விரு கனியங்களிலிருந்தும் பெறப்படுவதே வெண்பூச்சுக்களுக்கு உயிர்நாடியான தைத்தேனியம் ஈரொட்சைட்டு.

தைத்தேனியத்தை 1791இற் கிறகரும், அருமண்ணின் முதற்கூறாகிய இற்றியாவை 1794இற் கடோலினும் கண்டறிந்தனர். நெடுங்காலம் தனித்தனியே ஆராயப்பட்ட இவ்விரண்டையும் பின்னாளில் ஒளியாராய்ச்சி ஒன்றுசேர்த்தது. தைத்தேனியம் ஈரொட்சைட்டின்மீது ஒளிபடின் நீர் ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரியக்கூடுமென யப்பானிய அறிஞர் புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இல் வெளியிட்டனர். ஆயின், அது பெரிதும் ஊதாக்கடந்த கதிரையே உறிஞ்சும். ஞாயிற்றொளியில் அக்கதிர் நூற்றுக்கு ஐந்தளவே.

இக்குறையை நீக்கவே, மீற்றரின் நூறு கோடியிலொரு பங்கால் அளக்கத்தக்க நுண்டூளில் இலந்தனம், சீரியம் முதலிய அருமண்களைச் சிறிது கலந்தனர். உருவிற் பெரிய அருமண் அயன்கள் பளிங்கினுள் எளிதிற் புகாது, பெரும்பாலும் மணிகளின் விளிம்பிலே தங்கும். அதனால் மணிகள் பருக்கா. சூடாக்கும்போது அனற்றேசு வடிவம் உரூற்றைலாக மாறுதலும் தாமதிக்கும். ஒளியால் எழுந்த இலத்திரன் மீண்டும் தன்னிடம் சேராது தடைப்படும். சீரியம் கட்புலனாகும் ஒளியையும் உறிஞ்சச் செய்யும். எனினும், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. கலப்பு மிகின், அதுவே இலத்திரனை இழக்கும் இடமாகிவிடும்.

இலங்கையரும் இத்துறையிற் பின்னின்றாரல்லர். கண்டி அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்திற் கீர்த்தி தென்னக்கோனும் உடனாய்வாளரும் இவ்வொட்சைட்டைக் கொண்டு திண்மச் சாயச் சூரியக்கலத்தை ஆக்கி 1995இல் வெளியிட்டனர். அறிவு இங்குண்டு, மணலும் இங்குண்டு. ஆயினும், மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. பூச்சாகவும் தூளாகவும் பன்மடங்கு விலையில் மீள்கின்றது. ஆனந்தர் தொடக்கிய கனிய ஆய்வு, கரைமணல் நம் ஆய்வுகூடங்களிற் பயன்பொருளாகும் நாளிலேயே நிறைவெய்தும். அந்நாளை விரைவுபடுத்தல் விஞ்ஞானம் பயிலும் மாணவர் கடனாகும்.