குறிசுடும் ரைபிள் அமைத்தல்

குறிசுடும் ரைபிள் அமைத்தல் என்பது, குறிசுடும் போட்டிகளுக்குரிய ரைபிள் ஒன்றின் உறுப்புகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வாங்கி ஒன்றுசேர்ப்பதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்காக உள்ளது. ஆக்சன், குழல், விசை, கட்டை, தொலைநோக்கி ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். குறைந்த செலவில் முதல் ரைபிளை அமைப்பவர் எந்த உறுப்புக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும், எதில் சிக்கனம் பார்க்கலாம் என்பதே இதில் எழும் முதன்மையான கேள்வியாகும். இக்கட்டுரை ஒவ்வொரு முறை சுட்ட பின்னரும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் ஆக்சன் வகையைப் பற்றியது.

வரலாறு

அமெரிக்காவின் தேசிய ரைபிள் சங்கம் 1871 ஆம் ஆண்டு நியூ யார்க்கில் நிறுவப்பட்டது. இச்சங்கத்தின் முதல் சுடுகளம் லாங் தீவில் உள்ள கிரீட்மோர் என்னும் இடத்தில் அமைந்தது. 1874 இல் அமெரிக்க, அயர்லாந்து அணிகள் மோதிய தொலைதூரப் போட்டி இங்கேயே நடைபெற்றது. இன்று பரவலாகப் பயன்படும் 6.5 கிரீட்மோர் தோட்டா இவ்விடத்தின் பெயரைக் கொண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், படையினர் பயன்படுத்திய மவுசர், ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ஆகிய ரைபிள்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. பலர் இவற்றின் ஆக்சனை மட்டும் வைத்துக்கொண்டு குழலையும் கட்டையையும் மாற்றினர். 1958 இல் சாவேஜ் 110, 1962 இல் ரெமிங்டன் 700 ஆகியவை வெளிவந்தன. ரெமிங்டன் 700 இன் உடல் உருளை வடிவில் இருப்பதால் அதனைக் கடைசல் பொறியில் திருத்துவதும் கட்டையில் பொருத்துவதும் எளிது. இதனால் அதற்கென எண்ணற்ற மாற்று உறுப்புகள் சந்தைக்கு வந்தன. ரெமிங்டன் நிறுவனம் 2020 இல் திவாலாகி அதன் சொத்துகள் பிரித்து விற்கப்பட்ட பின்னரும், 700 இன் அளவுகளைப் பின்பற்றிப் பிற நிறுவனங்கள் ஆக்சன்களைச் செய்து வருகின்றன.

போட்டி வகையும் விதிகளும்

உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் போட்டி வகையை முடிவு செய்தல் வேண்டும். தோட்டா, எடை, பார்வைக் கருவி, தாங்கி ஆகிய அனைத்தையும் அவ்வகையின் விதிகளே வரையறுக்கின்றன. விதிக்குப் பொருந்தாத உறுப்பை வாங்கிப் பின்னர் மாற்றுவது முதன்முறை அமைப்பவரின் பணம் வீணாகும் வழிகளுள் முதன்மையானது.

* எஃப்-டிஆர்: படுத்த நிலையில், இருகால் தாங்கியில் முன்பகுதியை வைத்துச் சுடப்படுவது. .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரு தோட்டாக்களுக்கு மட்டுமே இடமுண்டு. தொலைநோக்கியும் தாங்கியும் சேர்ந்த மொத்த எடை 8.25 கிலோகிராமைத் தாண்டக் கூடாது.
* எஃப்-ஓப்பன்: பிற தோட்டாக்களுக்கும் முன்தாங்கிக்கும் இடமளிப்பது. எடை வரம்பு 10 கிலோகிராம். செலவு மிகுதி.
* துல்லிய ரைபிள் தொடர்: 2012 இல் தொடங்கிய போட்டி. நேர வரம்புக்குள் பல நிலைகளிலிருந்து பல தொலைவுகளில் சுட வேண்டும். தோட்டாப் பெட்டி பொருத்தப்பட்ட ரைபிள் தேவைப்படும்.
* .22 எல்ஆர் போட்டிகள்: சிறு தோட்டாவைக் கொண்டு பெரும்பாலும் 100 கஜத்துக்குள் சுடப்படுபவை. தோட்டா விலை குறைவாதலால் செலவு மிகக் குறைந்த வகை இதுவே.

எஃப்-டிஆர் வகையில் தோட்டாத் தேர்வு இரண்டாகச் சுருங்குவதாலும், விலை மிகுந்த முன்தாங்கி தேவைப்படாததாலும், முதல் ரைபிள் அமைப்போர் பலர் இதனை நாடுகின்றனர். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இவ்வகையைச் சார்ந்தவை.

எவ்வளவு துல்லியம் தேவை

துல்லியம் கோண அளவில் கூறப்படுகிறது. ஒரு பாகையின் 60 இல் ஒரு பங்கு எம்.ஓ.ஏ. எனப்படும். இது 100 கஜத்தில் 1.047 அங்குலத்தையும், 1,000 கஜத்தில் ஏறத்தாழ 10.5 அங்குலத்தையும் குறிக்கும்.

அமெரிக்க எஃப் வகைப் போட்டியின் 1,000 கஜ இலக்கில், 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். அதனுள் உள்ள எக்ஸ் வளையம் 5 அங்குலம். எனவே 1 எம்.ஓ.ஏ. அளவுக்குக் குண்டுகளைப் பரப்பும் ரைபிள், காற்றே இல்லாத நாளிலும் 10 புள்ளி வளையம் முழுவதையும் தானே எடுத்துக்கொள்கிறது. சுடுபவரின் பிழைக்கு அதில் இடம் எஞ்சுவதில்லை. அரை எம்.ஓ.ஏ. அளவுக்குள் சுடும் ரைபிளில் பாதி இடம் எஞ்சுகிறது.

அதற்கு மேலும் துல்லியத்தைக் கூட்டுவதற்கு ஆகும் செலவு வேகமாக உயர்கிறது. பயன் அந்த அளவுக்கு உயர்வதில்லை. .308 தோட்டாவின் 175 கிரெய்ன் குண்டை, மணிக்கு ஒரு மைல் வேகமுள்ள பக்கக் காற்று 1,000 கஜத்தில் ஏறத்தாழ 9 முதல் 10 அங்குலம் தள்ளிவிடும். அதாவது, காற்றின் வேகத்தை ஒரு மைல் தவறாகக் கணித்தால், மிகச் சிறந்த ரைபிளிலிருந்து புறப்பட்ட குண்டும் 10 புள்ளி வளையத்துக்கு வெளியே விழும். காற்றைக் கணிக்கும் திறன் பயிற்சியால் மட்டுமே வருவது. ஆகையால் பயிற்சித் தோட்டாக்களுக்கு ஒதுக்கும் பணமும் ரைபிளின் துல்லியத்துக்கு ஒதுக்கும் பணமே எனக் கருதப்படுகிறது.

உறுப்புகள்

ஆக்சன்

போல்ட்டையும் அது இயங்கும் ரிசீவரையும் கொண்ட பகுதி ஆக்சன் ஆகும். பிற உறுப்புகள் அனைத்தும் இதனுடன் பொருந்த வேண்டியிருப்பதால், ஆக்சனைத் தேர்ந்தெடுக்கும்போதே மற்றவற்றின் விலையும் ஒருவாறு முடிவாகிவிடுகிறது. அரிய வகை ஆக்சன் மலிவாகக் கிடைத்தாலும், அதற்குரிய கட்டையும் விசையும் கிடைப்பது கடினமாகலாம்.

குறைந்த செலவுக்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, பழைய ரெமிங்டன் 700 அல்லது அதன் அளவுகளையுடைய ஆக்சன். இரண்டாவது, சாவேஜ் ஆக்சன். சாவேஜில் குழல் ஒரு திருகுமறையால் இறுக்கப்படுகிறது. இதனால் கடைசல் வேலை இல்லாமலேயே குழலை மாற்ற இயலும். குழல் தேய்ந்த பழைய ரைபிள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். குழலை எப்படியும் மாற்றப் போகிறவருக்கு அது குறையாகாது. எனினும் போல்ட்டின் பூட்டுக் காதுகளில் வெடிப்போ, ரிசீவரில் அரிப்போ இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

குழல்

துல்லியத்தைப் பெரிதும் முடிவு செய்யும் உறுப்பு குழலாகும். போட்டிக் குழல்கள் 416ஆர் எனப்படும் துருப்பிடிக்கா எஃகிலோ, குரோம்-மாலிப்டினம் எஃகிலோ செய்யப்படுகின்றன. தடித்த குழல் மெதுவாகச் சூடாவதால் நீண்ட சுடுதொடரிலும் குண்டு விழும் இடம் பெயர்வதில்லை.

குழலினுள் உள்ள புரி, குண்டைச் சுழலச் செய்து நிலைப்படுத்துகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நீளம் புரி வீதம் எனப்படும். நீண்ட, கனமான குண்டுக்கு வேகமான புரி தேவை. .308 இல் 10 முதல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கமானது. .223 இல் 80 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட, 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுள்ள குழல் வேண்டும். குண்டின் எடையை முடிவு செய்யாமல் குழலை வாங்கலாகாது.

தோட்டா அறை முன்னரே வெட்டப்பட்டு, குறிப்பிட்ட ஆக்சனுக்கென ஆயத்தமாக விற்கப்படும் குழல் "பிரீஃபிட்" எனப்படுகிறது. துப்பாக்கித் தொழிலாளியின் கூலி இதில் பெருமளவு மிச்சமாகும். குழல் தேய்ந்துபோகும் பொருள் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். .308 குழல் ஏறத்தாழ 5,000 முறையும், 6.5 கிரீட்மோர் குழல் 2,000 முதல் 3,000 முறையும் சுடும் வரை போட்டித் துல்லியத்துடன் இருக்கும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

விசை

விசை ஒரே சீராகவும் இழுவையின்றியும் விடுபட வேண்டும். இலேசான விசை என்பதை விடச் சீரான விசை என்பதே முக்கியம். பல ஆயத்த விசைகளைச் சரிசெய்துகொள்ள இயலுமாதலால், இதனைப் பின்னர் மாற்றலாம். ரெமிங்டன் 700 இன் எக்ஸ்-மார்க் புரோ விசை, தானாக வெடிக்கக்கூடும் என்பதால் 2014 இல் திரும்பப் பெறப்பட்டது. பழைய ரைபிளை வாங்குவோர் அதன் விசை இத்திட்டத்தில் அடங்கியதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டை

கட்டை மரம், பல அடுக்கு மரம், கண்ணாடியிழை ஆகியவற்றால் செய்யப்படும். அலுமினியத்தால் ஆனது சேசிஸ் எனப்படும். ஆக்சன் அசையாமல் அமர்வதும், குழல் கட்டையைத் தொடாமல் இருப்பதும் கட்டையிடம் எதிர்பார்க்கப்படும் இரு பண்புகள். இவை நிறைவேறினால், விலை மிகுந்த கட்டை வசதியையே தரும். துல்லியத்தைப் பெரிதாகக் கூட்டாது. பழைய கட்டையில் ஆக்சன் அமரும் இடத்தில் எப்பாக்சிப் பிசினை இட்டு, அச்சுப் போல் பொருந்தச் செய்வது பெட்டிங் எனப்படும். குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் வேலை இது. கன்னம் அமரும் உயரமும் தோளில் பதியும் நீளமும் சுடுபவரின் உடலுக்கு ஏற்ப இருத்தல் வேண்டும்.

தொலைநோக்கி

தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தை விட, அதன் திருகுகள் சுட்டிய அளவுக்குச் சரியாக நகர்வதும், அதிர்வினால் நிலை மாறாமல் இருப்பதும் முக்கியம். .308 தோட்டாவைக் கொண்டு 100 கஜத்திலிருந்து 1,000 கஜத்துக்குச் செல்ல, ஏறத்தாழ 35 முதல் 40 எம்.ஓ.ஏ. உயர்த்த வேண்டியிருக்கும். மொத்தம் 60 எம்.ஓ.ஏ. நகர்வுள்ள தொலைநோக்கி நடுநிலையில் பொருத்தப்பட்டால், மேல்நோக்கி 30 மட்டுமே கிடைக்கும். 1,000 கஜத்தை எட்டாது. 20 எம்.ஓ.ஏ. சரிவுடைய தண்டவாளத்தின் மீது அதனையே பொருத்தினால் 50 கிடைக்கும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் வாங்குவோர் பின்னர் வேறு தொலைநோக்கி வாங்க நேரிடுகிறது.

ஹெட்ஸ்பேஸ் சரிபார்ப்பு

போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவை மேலும் செல்லவிடாமல் நிறுத்தும் அறைப் பகுதிக்கும் இடையேயுள்ள தொலைவு ஹெட்ஸ்பேஸ் எனப்படும். இது கூடுதலாக இருந்தால், சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, உயர் அழுத்த வளிமம் சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். .308 தோட்டாவுக்கு வரையறுக்கப்பட்ட உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு ஆகும்.

இதனைச் சோதிக்க இரு அளவைகள் பயன்படுகின்றன. "கோ" அளவையின் மீது போல்ட் மூட வேண்டும். "நோ-கோ" அளவையின் மீது மூடக் கூடாது. .308 இல் இவற்றின் நீளம் முறையே 1.630, 1.634 அங்குலம். வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணளவில் இதனை மதிப்பிட இயலாது. இச்சோதனையில் சிக்கனம் பார்த்தல் கூடாது. அளவைகள் இல்லாதவரும் முன் பழக்கம் இல்லாதவரும், முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன் தகுதி பெற்ற துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவுப் பகிர்வு

ஒரு தோட்டாவின் விலை ஒரு டாலர் எனக் கொண்டால், .308 குழல் ஒன்றின் ஆயுட்காலத்தில் சுடப்படும் 5,000 தோட்டாக்களுக்கு 5,000 டாலர் ஆகும். இது சிக்கனமாக அமைக்கப்பட்ட ரைபிளின் விலையை விட மிகுதி. இதனால் பலர் பித்தளைக் கூடுகளைத் திரும்பப் பயன்படுத்தித் தோட்டாக்களைத் தாமே நிரப்புகின்றனர். அதற்கான கருவிகளின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கிட வேண்டும்.

மேற்கண்டவற்றிலிருந்து செலவின் முன்னுரிமை பின்வருமாறு அமைகிறது:

1. நல்ல குழலும் ஹெட்ஸ்பேஸ் சரிபார்ப்பும்
2. நம்பத்தக்க தொலைநோக்கியும் அதன் பிடிகளும்
3. பயிற்சித் தோட்டாக்கள்
4. பொதுவான அளவுகளையுடைய ஆக்சன்
5. விசை
6. கட்டையின் தோற்றம், வண்ணப் பூச்சு முதலியன

ஆயத்த ரைபிளுடன் ஒப்பீடு

தனித்தனியாக உறுப்புகளை வாங்கிச் சேர்ப்பது எப்போதும் மலிவானதன்று. தொழிற்சாலைகள் உறுப்புகளைப் பெருமளவில் செய்வதால், தடித்த குழலுடைய ஆயத்த ரைபிள்கள் பல, அதே தரத்தில் அமைக்கப்படும் ரைபிளை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அமைத்தலின் பயன் பின்னரே தெரியவரும்: குழல் தேயும்போது குழலை மட்டும் மாற்றலாம், போட்டி வகை மாறினால் கட்டையை மட்டும் மாற்றலாம். எனவே பொதுவான அளவுகளைக் கொண்ட ஆயத்த ரைபிள் ஒன்றை வாங்கி, அதன் முதல் குழல் தேயும் வரை சுட்டுப் பழகி, பின்னர் ஒவ்வோர் உறுப்பாக மாற்றுவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாகும். இவ்வழியில் செல்பவர், தமக்கு எவ்வுறுப்பு தடையாக உள்ளது என்பதை அறிந்த பின்னரே அதற்குப் பணம் செலவிடுகிறார்.

மாற்றத்தின் பயனை மதிப்பிடும்போது மூன்று குண்டுகள் மட்டும் கொண்ட தொகுதியை நம்பலாகாது. தற்செயலாகவே அவை நெருங்கி விழக்கூடும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு ஒப்பிடுவதே முறையாகும்.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில், 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி ரிசீவரே துப்பாக்கியாகக் கருதப்படுகிறது. உரிமம் பெற்ற வணிகரிடமிருந்து அதனை வாங்குவோர் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்பட வேண்டும். குழல், கட்டை முதலிய பிற உறுப்புகளுக்குக் கூட்டரசுச் சட்டம் இதனைக் கோருவதில்லை. மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன.

இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், துப்பாக்கியின் உறுப்புகளையும் படைக்கலம் என்னும் வரையறைக்குள் அடக்குகிறது. உரிமமின்றித் துப்பாக்கியைச் செய்வதும் மாற்றியமைப்பதும் கடுமையான தண்டனைக்குரிய குற்றங்கள். ஆகவே இக்கட்டுரையில் கூறப்பட்ட அமைத்தல் முறை இந்தியாவில் தனியாருக்கு உரியதன்று. அங்கு இவ்விளையாட்டுக்கு வருவோர் பெரும்பாலும் சுடுதல் சங்கங்களில் 10 மீட்டர் வளி ரைபிளைக் கொண்டு பயிற்சியைத் தொடங்குகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

* குறிசுடுதல்
* ரெமிங்டன் 700
* .308 வின்செஸ்டர்
* 10 மீட்டர் வளி ரைபிள்