பத்து நாள் பள்ளிக்கூடம்

பேரிகையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறவர். ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் போனால், கர்நாடக எல்லையை ஒட்டி வருகிற ஊர் பேரிகை. கடையில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும். மீதிச் சில்லறையைக் கன்னடத்தில் எண்ணிக் கொடுப்பார்கள்.

போன தடவை போயிருந்தபோது நண்பரின் மகள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். வேதியியல் என்றதும் சோதனைக் குழாய், அமிலம், புகை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இவள் ஆராய்ச்சி முழுக்கக் கம்ப்யூட்டரில். ஒரு மூலக்கூறில் உள்ள அணுக்கள் எப்படி அசையும், எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிற வேலை.

அந்தக் கணக்கைத் தன் லேப்டாப்பில் ஓட விட்டிருக்கிறாள். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. எட்டு நாள் இரவும் பகலும் ஓடியிருக்கிறது. ஒன்பதாம் நாள் ராத்திரி கரண்ட் போச்சு. லேப்டாப்பின் பேட்டரி ஏற்கெனவே கிழடு. எட்டு நாள் கணக்கும் காலி!

"பெங்களூர்ல சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கேம்மா, கேட்டுப் பார்த்தா என்ன?" என்றேன், ஏதோ பெரிய யோசனை சொல்கிற தோரணையில்.

"எங்களுக்கெல்லாம் தருவாங்களா அங்கிள்? தந்தாலும் எனக்கு அதை ஓட்டத் தெரியாதே" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது பி.காம். எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் என்று ஒரு பேப்பர் இருந்தது. கம்ப்யூட்டர்தான் இல்லை. இருந்தது, பூட்டிய அறைக்குள் இருந்தது. புரோகிராமைக் கரும்பலகையில் பார்த்து, நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கக்கிவிட்டு வந்தோம். எங்களுக்குப் பாடம் இருந்தது, மெஷின் இல்லை. இந்தப் பெண்ணுக்கு மெஷின் அறுபது எழுபது கிலோமீட்டரில் இருக்கிறது, பாடம் இல்லை.

வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தால், இவள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு 1960-களிலேயே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அதுவும் நம்ம ஈரோட்டில் பிறந்தவர்!

பெயர் வைத்தீஸ்வரன் ராஜாராமன். 1933-ல் ஈரோட்டில் பிறந்தார். பள்ளிப் படிப்பு டெல்லியில். பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம். அங்கிருந்து அமெரிக்கா. எம்.ஐ.டி.யில் முதுகலை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961-ல் டாக்டர் பட்டம். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். மனுஷர் 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்து சேர்ந்தார்.

அதே 1963 ஆகஸ்டில் கான்பூருக்கு இன்னொருவரும் வந்து சேர்ந்தார். சரி, 'வந்து சேர்ந்தது' என்று சொல்லவேண்டும். ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர். அமெரிக்காவின் ஒன்பது பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கான்பூர் ஐ.ஐ.டி.யை வளர்த்துவிட ஒப்புக்கொண்டிருந்தன. அந்த ஏற்பாட்டில் வந்த மெஷின். அதை நிறுவி, சொல்லிக்கொடுக்க வந்தவர்களில் ஒருவர் ஹாரி ஹஸ்கி. சாதாரண ஆள் இல்லை. எனியாக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர், இங்கிலாந்தில் ஆலன் டூரிங்கோடு பணியாற்றியவர்.

இந்த 1620-ஐப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அந்த மெஷினுக்குக் கூட்டல் தெரியாது! நாம் சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்தோமே, அதுபோல ஒரு கூட்டல் வாய்ப்பாட்டை அதன் நினைவகத்தில் ஏற்றி வைப்பார்கள். ஏழும் ஐந்தும் எத்தனை என்றால், மெஷின் வாய்ப்பாட்டைத் திறந்து பார்த்துப் பன்னிரண்டு என்று சொல்லும். 'கூட்டத் தெரியாது, முயற்சிகூடப் பண்ணாது' என்று அமெரிக்க எஞ்சினீயர்கள் அதற்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட மெஷினை வைத்துக்கொண்டு கான்பூரில் என்ன செய்தார்கள்?

முதல் காரியம், மெஷினைப் பூட்டி வைக்கவில்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கர்ப்பக்கிரகம். அட்டையில் துளையிட்டு உங்கள் கணக்கை எழுதி ஜன்னலில் கொடுத்தால், உள்ளேயிருக்கும் ஆபரேட்டர் ஓட்டிப் பார்த்து விடையைத் தருவார். பக்தர்கள் உள்ளே போகக்கூடாது. கான்பூரில் மாணவர்களை உள்ளே விட்டார்கள். அவரவர் புரோகிராமை அவரவரே ஓட்டலாம். தப்பு வந்தால் அங்கேயே திருத்தலாம்.

இரண்டாவது காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். ராஜாராமனும் சக ஆசிரியர்களும் பத்து நாள் பயிற்சி வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஐ.ஐ.டி. மாணவர்களுக்கு மட்டும் இல்லை. மற்றப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர்கள், அரசு ஆய்வுக்கூட விஞ்ஞானிகள், தொழிற்சாலை எஞ்சினீயர்கள் எல்லாரும் வரலாம். ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியும், கணக்குகளை மெஷினுக்குத் தோதாக உடைத்துக் கொடுக்கும் முறையும் சொல்லித் தந்தார்கள். வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போகவில்லை. தாங்களே புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாடு முழுவதும் சேர்த்தாலே கம்ப்யூட்டர்களை எண்ணிவிடலாம் என்ற காலம். அப்படியொன்று கையில் கிடைத்தவர்கள், 'இது எங்களுடையது' என்று உட்கார்ந்துகொண்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஊரைக் கூப்பிட்டுப் பந்தி போட்டார்கள்!

இந்த வகுப்புக் குறிப்புகளிலிருந்துதான் 1969-ல் ராஜாராமனின் முதல் புரோகிராமிங் புத்தகம் வந்தது. மாணவன் கையில் இருக்கிற காசுக்கு வாங்கக்கூடிய விலையில் வரவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கான்பூருக்குப் போக முடியாதவன் வீட்டுக்குக் கான்பூர் வந்தது. 1965-ல் அங்கே கம்ப்யூட்டர் அறிவியலில் எம்.டெக். படிப்பும் ஆரம்பித்தாயிற்று. பின்னால் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி அங்கே போய்ப் படித்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

1982-ல் ராஜாராமன் பெங்களூருக்கு, தான் படித்த இந்திய அறிவியல் கழகத்துக்கே திரும்பி வந்தார். அங்கே கம்ப்யூட்டர் மையத்துக்கு 1994 வரை தலைவர். அந்த மையத்துக்குப் பிறகு வந்த பெயரைக் கவனியுங்கள். 'சூப்பர் கம்ப்யூட்டர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம்.' கல்வி முதலில், ஆராய்ச்சி அப்புறம்.

இதற்கு நடுவில்தான் அந்தப் பிரபலமான கிரே விவகாரம். 1980-களில் உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர்களைச் செய்தது அமெரிக்காவின் கிரே நிறுவனம். இந்திய அறிவியல் கழகத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டோம். அமெரிக்க அரசு தர மறுத்தது. அணுகுண்டு, ஏவுகணைக் கணக்குப் போட்டுவிடுவோமாம்! டெல்லியில் பருவமழையைக் கணிப்பதற்கு மட்டும் சின்னதாக ஒன்று கொடுத்தார்கள். அதற்கும் ஆயிரம் நிபந்தனை.

சரி, நாமே செய்துகொள்வோம் என்று 1988-ல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. இணையாக ஓடும் கம்ப்யூட்டர்களை நாமே உருவாக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரை செய்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? இதே ராஜாராமன்தான். விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 வெளிவந்தது. அந்தக் கதையைப் பெருமையோடு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. மெஷின் வந்ததும், அதற்கு வேலை சொல்லத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. 1993-ல் சி-டாக் தனியாக ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்க வேண்டியதாயிற்று.

ஏன் தனிப் பயிற்சி? கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கு சூப்பர் கம்ப்யூட்டர் தெரியாதா?

தெரியாது. நண்பரின் ரோஜாத் தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். காதலர் தினத்துக்கு முன்னால் நூறு பேரை விட்டுப் பூ வெட்டச் சொல்கிறார் என்று வையுங்கள். ஒருவர் நூறு மணி நேரம் வெட்டுவதை நூறு பேர் ஒரு மணி நேரத்தில் வெட்டிவிடுவார்கள். ஆனால் பூவைத் தரம் பிரித்து, கட்டுக்கட்டி, பெட்டியில் அடுக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குப் பத்து மணி நேரம் வேண்டும். இப்போது நூறு பேருக்குப் பதில் ஆயிரம் பேரை விட்டாலும், பெட்டி கிளம்பப் பத்து மணி நேரம் ஆகத்தான் செய்யும்.

இதைத்தான் 1967-ல் ஐ.பி.எம். எஞ்சினீயர் ஜீன் அம்டால் கணக்காகச் சொன்னார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க முடியாதென்றால், எத்தனை ஆயிரம் பிராசசர் போட்டாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. சூப்பர் கம்ப்யூட்டர் என்பது ஆயிரக்கணக்கில் பூ வெட்டுகிறவர்கள். யாரிடம் எதைப் பிரித்துக் கொடுப்பது, யார் யாருக்காகக் காத்திருப்பது என்று திட்டம் போடத் தெரியாதவனுக்கு அது வெறும் மின்சாரச் செலவு.

இன்னொன்று, அங்கே நீங்கள் தனி ஆள் இல்லை. வரிசை உண்டு. கல்யாண மண்டபம் மாதிரி, இத்தனை பிராசசர், இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும். நிறையக் கேட்டால் நாள்கணக்கில் காத்திருக்கணும். குறைவாகக் கேட்டால், நேரம் முடிந்ததும் மண்டபத்தில் விளக்கை அணைக்கிற மாதிரி உங்கள் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடும். அதனால் நடுநடுவே விடையைச் சேமித்து வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடரக் கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சியில் சொல்லித்தரும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று இது.

இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பெண்ணின் எட்டு நாள் உழைப்பைக் கொண்டுபோனது கரண்ட் கட் இல்லை. 'நடுவில் சேமித்து வை' என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லாததுதான்!

இன்றைய நிலவரத்துக்கு வருவோம். 2015-ல் மத்திய அரசு தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கியது 4,500 கோடி ரூபாய். அதே வருடம், ஒரு காலத்தில் நமக்கு மறுக்கப்பட்ட கிரே நிறுவனத்தின் மெஷின் ஒன்று, அதே இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து இறங்கியது தனிக் கதை! 2022-ல் அங்கே பரம் பிரவேகா வந்தது. 3.3 பெட்டாஃப்ளாப்ஸ். நம் பாஷையில், விநாடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்கு. அதே ஆண்டு திருச்சி என்.ஐ.டி.யில் பரம் பொருள் என்ற மெஷின். பயிற்சிக்கு மட்டும் என்று சென்னை, கரக்பூர், கோவா, பாலக்காடு ஐ.ஐ.டி.க்களில் மையங்கள்.

2025 தொடக்கத்தில் அரசு சொன்ன கணக்கு இது. 34 மெஷின்கள். பயிற்சி பெற்றவர்கள் 22,000 பேருக்கு மேல். பயன்படுத்திய கல்வி நிறுவனங்கள் 200-க்கு மேல்.

நல்ல கணக்குதான். ஆனால் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? நாட்டில் கல்லூரிகள் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். எல்லாவற்றிலும் ஆராய்ச்சி நடக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதில் கால்வாசியில் நடந்தாலும், இருநூறு என்பது எத்தனை சதவிகிதம் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'தருவாங்களா?' என்ற அந்தப் பெண்ணின் முதல் கேள்விக்குப் பதில், தருவார்கள் என்பதுதான். ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்கு. கேட்பதற்கு முன், இப்படி ஒன்று இருக்கிறதென்று தெரியவேண்டும். 1960-களில் கான்பூர்க்காரர்கள் ஊரைக் கூப்பிட்டார்கள். இன்று வகுப்புகள் இருக்கின்றன, அறிவிப்புகளும் வருகின்றன. அவை பெரும்பாலும் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்கள் கண்ணில்தான் படுகின்றன. பேரிகை என்றால் முரசு. அந்தக் காலத்தில் ராஜா ஒரு செய்தி சொல்லவேண்டுமென்றால் முரசு அறைவார்கள். முரசின் பெயரைக் கொண்ட ஊருக்கே செய்தி போய்ச் சேரவில்லை!

ராஜாராமன் 2025 நவம்பரில் பெங்களூரில் காலமானார். வயது 92. செய்தித்தாள்களில் பத்மபூஷண் போட்டார்கள், பட்னாகர் விருது போட்டார்கள். பத்து நாள் வகுப்புக்கு அவ்வளவாக இடம் கிடைக்கவில்லை.

நண்பரின் மகளுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். தேடிப் பிடித்து, ஐந்து நாள் ஆன்லைன் பயிற்சி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். பேரிகை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே படித்தாளாம். போன வாரம் போன் வந்தது.

"அங்கிள், இப்ப கரண்ட் போனாலும் கவலையில்லை. விட்ட இடத்துலேர்ந்து ஓட்டிக்குவேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "எங்க டிபார்ட்மென்ட்ல இன்னும் ஆறு பேர் இருக்காங்க. அவங்களுக்கு நானே சொல்லித் தரலாம்னு இருக்கேன். ஹெச்.ஓ.டி.கிட்ட லேப் சாவி கேட்டிருக்கேன், பார்ப்போம்" என்றாள்.

சாவி கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.