தகரச் சீட்டும் பேரேடும்

மலையகத் தமிழர் வரலாற்றினை எழுதப் புகுவோர்க்கு நிழற்படங்கள் இன்றியமையாச் சான்றுகளாகும். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயக் காம்பராச் சுவர்களில் தொங்கிய படங்கள் இன்று கணினியேறி இணையதளங்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. அவற்றைத் தரவுத்தளத்தினுள்ளேயே வைப்பதா, அன்றித் தனிக்கோப்புகளாக வைத்து, அவை இருக்கும் இடத்தை மட்டும் தரவுத்தளத்திற் குறிப்பதா என்னும் வினா கணினியியலார்க்கு மட்டும் உரியதன்று. ஆள் ஓரிடத்திலும் அவர்தம் விவரம் வேறோரிடத்திலுமாக வைக்கப்பட்டதன் விளைவை இம்மக்கள் நேரிற் கண்டவர்களாவர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்குச் சிறு உலோகத் தகடு வழங்கப்பட்டது. அதிற் பெயரில்லை, தோட்டத்தைச் சுட்டும் குறியும் ஆளைச் சுட்டும் எண்ணுமே இருந்தன. பெயரும் பிறவும் அலுவலக ஏடுகளில் இருந்தன.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ், மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. அதற்குரிய சான்றுகளோ செக்ரோல் முதலிய தோட்ட ஏடுகளிற் கிடந்தன. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன; உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. நிராகரிப்புக்குக் காரணங்கள் பல. வதிவைக் காட்டும் பத்திரம் இன்மை அவற்றுள் ஒன்றாகும்.

ஏடுகளில் முகமற்ற பெயர்கள் இருந்தன எனின், பிரித்தானியர் காலப் படங்களிற் பெயரற்ற முகங்களே உள்ளன. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் அஞ்சலட்டையாகிக் கடல் கடந்தது. அவள் யார், எத்தோட்டத்தவள் என்னும் குறிப்பு உடன் செல்லவில்லை.

இனிக் கணினிக்கு வருவோம். தரவுத்தளத்தினுள் வைத்தால் படமும் குறிப்பும் பிரியா. ஒரே படியெடுப்பில் இரண்டும் காக்கப்படும். ஆயின் தளம் பருத்துக் கையாளற்கு அரிதாகும். கோப்பாக வைத்தால் செலவு குறைவு, வழங்குதலும் எளிது. எனினும் கோப்பின் பெயரோ இடமோ மாறின் இணைப்பு அறுந்துபோம். சியர்ஸ், வான் இங்கன், ஜிம் கிறே ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, 256 கிலோபைற்றுக்குக் குறைந்தவற்றுக்குத் தரவுத்தளமும் 1 மெகாபைற்றுக்கு மேற்பட்டவற்றுக்குக் கோப்பு முறைமையும் ஏற்றன எனக் கண்டது. அவ்வெல்லைகள் அவர்கள் சோதித்த மென்பொருள்களுக்குரியன. எனினும் அதன் போக்கு நமக்கு வழிகாட்டும். ஆவணத் தரத்திற் படியெடுத்த படம் பல மெகாபைற்று அளவினதாதலின், நமக்கு உகந்தது கோப்பு முறைமையே. 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருளும் படத்தைக் கோப்பாகவும் விவரத்தைத் தரவுத்தளத்திலுமே வைக்கின்றது.

ஆகவே பிரித்துவைத்தல் தவறன்று. பிணைப்பைப் பேணாது விடுதலே தவறு. ஒவ்வொரு படத்துக்கும் மாறாத எண் வேண்டும். ஆளின் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியன தரவுத்தளத்தில் மட்டுமன்றிப் படக்கோப்பினுள்ளும் பதிக்கப்படல் வேண்டும். அதற்கு அக்கோப்புகளில் இடமுண்டு. இரண்டையும் ஒருசேரப் படியெடுத்து, வெவ்வேறு ஊர்களில் வைத்தல் வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் எரிந்தன என்பதை நாம் மறத்தற்கில்லை.

தகரச் சீட்டிற் பெயரைப் பொறியாது விட்டவர் அதனைத் தேவையென்று எண்ணிலர். நம் கையால் ஆக்கப்படும் ஏட்டில் அக்குறை மீண்டும் நேரலாகாது.