மத நம்பிக்கைக்காக பிள்ளைக்கு தடுப்பூசி மறுக்கலாமா? நியூயார்க்கில் ஓயாத சண்டையின் பின்னணி

அமெரிக்காவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, தட்டம்மை, போலியோ உள்ளிட்ட தடுப்பூசிகள் போட்டதற்கான சான்றைக் காட்ட வேண்டும். யாருக்கு விலக்கு என்பதை முடிவு செய்வது மத்திய அரசு இல்லை, அந்தந்த மாகாணம்தான். 'எங்கள் மத நம்பிக்கைக்கு இது ஒத்துவராது' என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலான மாகாணங்களில் ஊசி போடாமலேயே பிள்ளை பள்ளிக்குப் போகலாம்.

இந்த விலக்கை நியூயார்க் 2019-ல் மொத்தமாக எடுத்துவிட்டது. அன்று கிளம்பிய எதிர்ப்பு இன்னும் அடங்கவில்லை.

2019-ல் என்ன நடந்தது?

2018 இறுதியில் பரவத் தொடங்கிய தட்டம்மை, நியூயார்க் நகரில் மட்டும் 649 பேரைத் தாக்கியது. அருகில் உள்ள ராக்லண்ட் கவுன்டியில் 300-க்கும் அதிகமானோர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வைதீக யூத சமூகத்தினர். இத்தனைக்கும் யூத மதம் தடுப்பூசியைத் தடை செய்யவில்லை. ஊசி போடச் சொன்ன மதகுருக்களே அதிகம்.

தட்டம்மை வேகமாகப் பரவும் நோய். 100-ல் 95 பேருக்காவது எதிர்ப்பு சக்தி இருந்தால்தான் அது பரவாமல் தடுக்க முடியும். மாகாணம் முழுக்கப் பார்த்தால் விலக்கு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான், சுமார் 26,000 மாணவர்கள். ஆனால் அவர்கள் ஒரே பேட்டையில், ஒரே பள்ளியில் சேர்ந்து இருந்தால் அந்த 95 கணக்கு அங்கே உடைந்துவிடும். சிக்கலே இதுதான்.

ஜூன் 13 அன்று கீழவையில் 77-53, செனட்டில் 36-26 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. அன்றே ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கையெழுத்திட்டார். மருத்துவக் காரணம் இல்லாமல் ஊசி போடாத பிள்ளைக்கு அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, மதப் பள்ளி, டே கேர் எதிலும் இடமில்லை. வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தருவது ஒன்றுதான் வழி.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

எல்லோரும் ஒரே காரணம் சொல்வதில்லை. தட்டம்மை தடுப்பூசியோடு சேர்த்துப் போடப்படும் ரூபெல்லா மருந்து, 1960-களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கருவிலிருந்து எடுத்த செல்களின் வழித்தோன்றல்களில் வளர்க்கப்படுகிறது. அதைத் தொடுவதே பாவம் என்கிறார்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர். வேறு வழி இல்லாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று வாடிகன் சொல்லியும் இவர்கள் ஏற்கவில்லை.

சட்ட வாதம் வேறு. 'உடல்நிலை காரணம் சொன்னால் விலக்கு உண்டு, கடவுள் காரணம் சொன்னால் இல்லையா?' என்று கேட்கிறார்கள். இதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் மருத்துவ விலக்கு, ஊசியே ஆபத்தாக முடியும் குழந்தைக்கானது. அதைப் போன்ற குழந்தைகளைக் காக்கத்தான் மற்றவர்கள் போட வேண்டும் என்கிறது அரசு.

விலக்கு இருந்த காலத்திலும் நிம்மதி இருக்கவில்லை. 1966-ல் அது வந்தபோது, அங்கீகரிக்கப்பட்ட மத அமைப்பின் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் கிடைத்தது. ஒரு மதத்துக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை என்பது செல்லாது என 1987-ல் நீதிமன்றம் சொன்னது. அதன்பின் 'நம்பிக்கை உண்மையானதா' என்று பார்க்க வேண்டிய வேலை பள்ளி நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. ஒருவரின் பக்தியை எந்த அளவுகோலால் அளப்பது? பயத்தால் மறுக்கிறவரும் மதத்தைச் சொல்லலாம். உண்மையான பக்தரும் சந்தேகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நீதிமன்றங்கள் சொன்னது

கட்டாயத் தடுப்பூசி செல்லும் என்று 1905-லேயே தீர்ப்பு உண்டு. பெரியம்மை ஊசி போட மறுத்த மாசசூசெட்ஸ் பாதிரியார் ஜேக்கப்சனுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 5 டாலர். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்.

நியூயார்க் சட்டத்துக்கு எதிராக 55 குடும்பங்கள் போட்ட வழக்கும் தோற்றது. அதில் பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர், இன்றைய அமெரிக்க சுகாதாரத் துறை அமைச்சர்.

திருப்பம் தந்தது ஆமிஷ் வழக்கு. கார், மின்சாரம் எல்லாவற்றையும் தள்ளிவைத்து வாழும் இந்தச் சமூகத்தின் மூன்று பள்ளிகளுக்கு மொத்தம் 1,18,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தங்கள் நிலத்தில், தங்கள் பணத்தில், தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தும் பள்ளிகள் என்பது அவர்கள் வாதம். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மீண்டும் விசாரிக்கச் சொன்னது. மத நம்பிக்கைக்கு எதிரான கதைப் புத்தகப் பாடங்களிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ள மேரிலாந்து பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அதே ஆண்டு ஜூனில் அளித்த தீர்ப்பின் அடிப்படையில் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. ஆமிஷ் ஜெயித்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

மற்ற மாகாணங்களில்?

கலிபோர்னியா 2015-லும், மெய்ன் 2019-லும், கனெக்டிகட் 2021-லும் விலக்கை நீக்கின. மெய்னில் எதிர்ப்பாளர்கள் பொதுவாக்கெடுப்பு வரை கொண்டுபோனார்கள்; 2020 மார்ச்சில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சட்டம் இருக்கட்டும் என்றே வாக்களித்தனர். நியூஜெர்சியில் கதை வேறு. சட்டமன்றத்துக்கு வெளியே பெற்றோர் கூட்டம் கூட்டமாகத் திரண்டு கோஷமிட, போதிய ஓட்டு கிடைக்காமல் 2020 ஜனவரியில் மசோதா விழுந்தது.

இப்போது காற்று திசை மாறுகிறது. மிசிசிப்பியில் 2023-ல் நீதிமன்ற உத்தரவால் மத விலக்கு வந்தது. மேற்கு வர்ஜீனியாவில் 2025 ஜனவரியில் ஆளுநர் பேட்ரிக் மாரிசி அதே விலக்குக்கு உத்தரவிட்டார். சட்டமன்றம் அதற்கான மசோதாவைத் தோற்கடித்தது. அதே ஆண்டு டெக்சாஸில் 762 பேருக்கு தட்டம்மை. ஊசி போடாத இரண்டு குழந்தைகள் இறந்தனர்.